வளையம் திறந்த வரலாறு

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலை மாணவன் ஒருவன் விளையாட்டுத் திடலில் விழுந்து முழங்காலில் ஆழமான காயமுற்றான். மருத்துவர் காயத்தின் உட்புறத்தில் ஒரு தையலும் வெளிப்புறத்தில் ஒரு தையலும் இட்டார். சில நாள் கழித்து வெளித்தையலை எடுத்துவிட்டு, "உள்ளே இட்ட நூலை எடுக்க வேண்டுவதில்லை, அது தானே கரைந்துவிடும்" என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் அம்மாணவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். "ஐயா, கரைந்த நூல் எங்கே போகும்? அதைச் செய்தபோது சேர்த்த பொருள்களும் அதனோடு கரைந்துவிடுமா?" என்று கேட்டான்.

நான் கலைப் பட்டதாரி. வரலாறு கற்பித்தே தலை நரைத்தவன். இரசாயனம் என் துறை அன்று. ஆயினும் மாணவன் வினாவுக்குத் தெரியாது என்று சொல்லி அமைந்துவிடுதல் ஆசிரியனுக்கு அழகாகாது. எங்கள் விஞ்ஞான ஆசிரியரைத் துணைக்கொண்டு விடை தேடினேன். அவன் வினாவின் முதற்பாதிக்கு விடை எளிதிற் கிடைத்தது. நூல் உடலின் நீரால் சிறிது சிறிதாக அறுபட்டு, தான் பிறந்த அமிலங்களாகவே மாறி, உடலால் எரிக்கப்பட்டும் கழிக்கப்பட்டும் மறைந்துவிடுகிறது. பிற்பாதிக்கு விடை தேடப் புகுந்தபோதோ, இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு விரிந்தது. கண்முன்னே கிடந்த சான்றைப் பல தலைமுறையாகக் காணாது போன அறிஞர்களின் வரலாறு அது. வரலாற்று மாணவனாகிய எனக்கு அதுவே பெரிதும் சுவைத்தது. நேயர்களே, அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தயிரின் புளிப்பிலிருந்து தொடங்குவோம். 1780ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே புளித்த பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இலக்டிக் அமிலம் என்று இன்று வழங்குவது அதுவே. அதன் மூலக்கூற்றுக்கு இரு கைகள் உண்டு எனக் கொள்வோம். ஒரு கை அமிலக் கை. மற்றொன்று அற்ககோற் கை. ஒரு மூலக்கூற்றின் அமிலக் கை அடுத்ததன் அற்ககோற் கையைப் பற்றுமாயின், ஒரு துளி நீர் வெளியேற, இரண்டும் இணைகின்றன. அவ்விணைப்பை எசுத்தர்ப் பிணைப்பு என்பர். இவ்வாறே கைகோத்து நூறு, ஆயிரம் என மூலக்கூறுகள் வரிசையாக நின்றால், அது ஒரு நெடிய சங்கிலி. பல்பகுதியம் என்பது இதுவே. நூலும் படலமும் போத்தலும் ஆவது இச்சங்கிலிதான்.

ஆனால் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒவ்வோர் இணைப்பிலும் வெளியேறும் நீர், முன்பு கோத்த கைகளை மறுபடியும் பிரித்துவிட வல்லது. ஆகவே அமிலத்தை நேரே காய்ச்சிச் சங்கிலி செய்ய முயன்றோர்க்குக் குறுகிய, வலுவற்ற சங்கிலிகளே கிடைத்தன. இதற்கு மாற்றுவழியை இயற்கையே வைத்திருந்தது. இரண்டே மூலக்கூறுகள் ஒன்றையொன்று இரு கைகளாலும் பற்றிக்கொண்டால் ஒரு சிறு வளையம் உண்டாகிறது. அதற்கு இலக்டைடு என்று பெயர். வெளியேற வேண்டிய நீர் முன்பே வெளியேறிவிட்டது. இவ்வளையத்தில் ஒரு பிடியை மட்டும் நெகிழ்த்தி, அவிழ்ந்த அமிலக் கையைச் சங்கிலியின் நுனியிலுள்ள அற்ககோற் கையோடு கோத்துவிட்டால், மறு கை சங்கிலியின் புதிய நுனியாகிறது. அடுத்த வளையம் அந்நுனியை வந்தடைகிறது. கழிவு யாதும் இல்லை. நீரும் இல்லை.

சிறு பிள்ளைகள் இருவர் இருவராகக் கைபிணைத்துச் சுற்றி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. சுற்றி ஆடும் இருவரின் ஒரு பிடியை மட்டும் அவிழ்த்து அவர்களை வரிசையில் சேர்த்துவிட்டால் வரிசை இருவரால் நீளும். இரசாயனத்தில் வளையத்திறப்பு என்பதும் இத்தகையதே.

ஆயின், பற்றிய கை ஏன் விட வேண்டும்? இதற்கு விடை கூறத் தொடங்கியவர் ஜேர்மனிய அறிஞர் அடோல்ப் வொன் பையர். 1885ஆம் ஆண்டில் அவர், காபன் அணுக்கள் வளையமாக வளையும்போது அவற்றின் இயல்பான கோணம் சிதைந்து ஓர் இறுக்கம் உண்டாகிறது என்றார். மிகச் சிறிய வளையம் மிக இறுகியது. ஐந்து அணு வளையமோ ஏறக்குறைய இறுக்கமற்றது. வளையங்கள் யாவும் தட்டையானவை என்று அவர் எண்ணியது பின்னர்த் திருத்தப்பட்டது. எனினும் வளைந்த மூங்கில் நிமிரத் துடிப்பதுபோல இறுகிய வளையம் திறக்கத் துடிக்கிறது என்னும் அடிப்படை நிலைத்தது. ஐந்து அணு வளையம் பற்றிய இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் அது மீண்டும் வரும்.

நெடிய சங்கிலி மூலக்கூறுகள் உண்டு என்பதையே அக்காலத்து அறிஞர் பலர் நம்பவில்லை. 1920இல் ஹேர்மன் ஸ்டோடிங்கர் அக்கொள்கையை வெளியிட்டபோது எதிர்ப்பே மிகுந்தது. 1953இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைக்கும்வரை முப்பத்துமூன்று ஆண்டு கழிந்தது. இதற்கிடையில் அமெரிக்காவில் டியூபொன்ட் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரதர்ஸ் என்பார் அச்சங்கிலிகளைக் கையாலேயே செய்து காட்டினார். நைலோனைத் தந்தவர் அவரே. 1932ஆம் ஆண்டில் அவரும் துணைவர் இருவரும் இலக்டைடு போன்ற ஆறணு வளையங்களைத் திறந்து சங்கிலியாக்கியதை ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அக்கட்டுரையின் தலைப்பிலேயே 'மீளும்' என்னும் பொருளுடைய ஒரு சொல் இருந்தது. வளையம் சங்கிலியாகும், சங்கிலி சூடேறினால் வளையமாக மீளும் என்பதை அவர் கண்டிருந்தார். அன்று அது பயனுள்ள பண்பாகத் தோன்றவில்லை. நீரில் அறுபடும் சங்கிலி, சூட்டில் அவிழும் சங்கிலி யாருக்கு வேண்டும்? உலகம் அழியாத பொருளைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. கரதர்ஸ் 1937இல் மறைந்தார்.

அழியும் நூலின் பயன் மருத்துவச் சாலையில்தான் முதலில் உணரப்பட்டது. அதுவரை உள்தையலுக்கு ஆடு மாடுகளின் குடலிலிருந்து திரித்த நூலே வழங்கிவந்தது. 1970ஆம் ஆண்டில் கிளைக்கோலிக் அமிலச் சங்கிலியாலான செயற்கை நூல் ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் கிளைக்கோலிக் அமிலமும் இலக்டிக் அமிலமும் கலந்த நூலும் வந்தது. எங்கள் மாணவனின் முழங்காலுக்குள் இருந்தது இக்குடும்பத்து நூல்களில் ஒன்றே.

இந்நூல்களுக்கான வளையங்களைத் திறந்தவர் யார்? இங்கேதான் ஊக்கி வருகிறது. வளையம் திறக்கத் துடித்தாலும் தானாகத் திறப்பதில்லை. பிடியை நெகிழ்த்த ஒருவர் வேண்டும். அவ்வாறு நெகிழ்த்திவிட்டு, தான் சங்கிலியில் சேராது அடுத்த வளையத்துக்குச் செல்லும் பொருளே ஊக்கி. பல்லாண்டாக இவ்வேலையைச் செய்துவந்தது பெரும்பாலும் வெள்ளீயம். ஒக்டோயேற்று எனப்படும் அதன் சேர்வையை உருகிய வளையங்களோடு கலந்து சூடாக்கினால் நல்ல நெடிய சங்கிலி கிடைக்கும். விலையும் குறைவு, வேலையும் திறம். குறை ஒன்றே. வேலை முடிந்தபின் வெள்ளீயத்தை முற்றாகப் பிரித்தெடுப்பது கடினம். பொருள் முழுவதிலும் அது நுண்ணளவில் தங்கிவிடுகிறது. நூல் கரையும், உலோகம் கரைந்து இல்லாமற் போவதில்லை. உடலுக்குள் வைக்கும் பொருளில் அதன் அளவை மிகக் கட்டுப்படுத்தியே ஆகவேண்டும். அதற்கான முறைகளும் விதிகளும் உண்டு. ஆனால் மாணவன் கேட்ட வினாவின் பிற்பாதி இதுவே அல்லவா? "செய்தபோது சேர்த்தவையும் கரைந்துவிடுமா?" அவன் அறியாமலே தொட்ட இடம், இத்துறை அறிஞர்கள் நீண்டகாலம் கவலைப்பட்ட இடமாகும்.

உலோகம் இன்றியே வளையத்தைத் திறக்க இயலாதா? இயலும் என்று இன்று அறிவோம். அது இயலும் என்று நினைப்பதற்கே ஏன் அத்தனை காலம் சென்றது என்பதுதான் வரலாற்றின் வினா.

ஊக்கல் என்னும் கருத்துக்குக் கிரேக்க மொழியிலிருந்து பெயர் இட்டவர் சுவீடன் அறிஞர் பேர்சீலியஸ். ஆண்டு 1835. அக்கிரேக்கச் சொல்லின் மூலப்பொருள் அவிழ்த்தல், தளர்த்தல் என்பதாகும். அதன்பின் வந்த அறிஞர் ஊக்கிகளைத் தேடி இரண்டு அரசுகளைக் கண்டனர். ஒன்று உலோகங்களின் அரசு. பிளாற்றினம், நிக்கல், இரும்பு ஆகியவை பெருந்தொழிற்சாலைகளை நடத்தின. மற்றொன்று உயிரினுள் இயங்கும் நொதியங்களின் அரசு. 1926இல் ஜேம்ஸ் சம்னர் ஒரு நொதியத்தைப் பளிங்காக்கி, அது புரதம் என நிறுவினார். உலோகம் வலியது, நொதியம் நுட்பமானது. இவ்விரண்டுக்கும் இடையில், காபன், ஐதரசன், நைதரசன், ஒட்சிசன் முதலியவற்றாலான எளிய சிறு சேதனப் பொருள்களும் நல்ல ஊக்கிகளாகலாம் என்று எண்ணுவார் அரியர் ஆயினர்.

ஆனால் சான்று இல்லாமலா போயிற்று? 1860ஆம் ஆண்டிலேயே ஜேர்மனியில் லீபிக், அசற்றல்டிகைட்டு என்னும் சிறு சேதனப் பொருள் தான் மாறாது நின்று வேறொரு தாக்கத்தை நடத்துவதைக் கண்டு எழுதிவைத்தார். 1967இல் சோவியத் நாட்டு அறிஞர் இருவரும், 1969இல் ஜேர்மனிய அறிஞர் இருவரும், டீமாப் எனச் சுருக்கி வழங்கும் ஒரு பிரிடீன் சேர்வை எசுத்தர்ப் பிணைப்பை ஆக்குவது போன்ற தாக்கங்களைப் பன்மடங்கு விரைவுபடுத்துவதைக் கண்டனர். விரைவில் அது உலகெங்கும் இரசாயனக் கூடங்களில் ஒரு சாதாரணப் போத்தலாக அலுமாரியில் ஏறிற்று. 1971இல் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் மருந்துக் கம்பனிகளில் இருந்த இரு குழுவினர், புரோலின் என்னும் அமினோ அமிலம் ஒன்றையே ஊக்கியாகக் கொண்டு, நொதியம் செய்வது போன்ற நுட்பத்தோடு வளையங்களை ஆக்கிக் காட்டினர். ஒவ்வொன்றும் தனித்தனி வியப்பாகப் பாராட்டப்பட்டது. இவை யாவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை என்று அக்காலத்தில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

வரலாறு கற்பிக்கும் எனக்கு இது புதிதன்று. கல்வெட்டு நூற்றாண்டுக் கணக்காகக் கோயிற் சுவரில் நிற்கும். அதன்மேல் சாய்ந்து இளைப்பாறுவோர் ஆயிரவர். எழுத்தென்று அறிந்து படிப்பவன் வரும்வரை அது கல்லே. இரசாயனத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல், இருவர் இவ்வெழுத்தைப் படித்தனர். பென்ஜமின் லிஸ்ட், தம் மூத்த அறிஞர் இருவரோடு, கைவிடப்பட்டிருந்த புரோலினை எடுத்து மீண்டும் ஆராய்ந்தார். டேவிட் மக்மிலன் தாமே ஒரு சிறு சேதன ஊக்கியைத் திட்டமிட்டு ஆக்கி, இத்துறைக்குச் சேதன ஊக்கல் என்னும் பொருள்படும் பெயரும் இட்டார். பெயர் வந்தது; தனித்தனியே கிடந்தவை ஒரு குலமாயின. 2021ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, 2001இல், இக்கருத்து வளையத்திறப்புக்குள் புகுந்தது. அது புகுந்த இடம் மருத்துவச் சாலையுமன்று, நூல் ஆலையுமன்று. கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் இருந்த, கணிப்பொறி செய்யும் ஐ.பி.எம். கம்பனியின் ஆய்வுகூடம். கணிப்பொறிக்கும் கரையும் நூலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். கணிப்பொறியின் சில்லினுள் மின்கம்பிகளை ஒன்றிலிருந்தொன்று பிரித்துவைக்க மெல்லிய காப்புப் படலம் வேண்டும். அப்படலத்தில் நுண்ணிய துளைகள் இருந்தால் காப்பு மேலும் சிறக்கும். எளிதில் அழியும் சங்கிலிகளைப் படலத்தினுள் கலந்து, பின்னர் சூட்டால் அழித்துவிட்டால், அவை இருந்த இடம் துளையாகும். ஆனால் மின்கருவியினுள் உலோகத்தின் எச்சம் நுண்ணளவிலும் தங்கலாகாது. ஆக, கணிப்பொறி செய்வோரின் கவலையும் எங்கள் மாணவனின் கவலையும் ஒன்றாயின: நூல் போனபின் எஞ்சி நிற்பது எது?

அக்கூடத்தின் ஜேம்ஸ் ஹெட்ரிக்கும் அவர் துணைவர்களும் அலுமாரியில் முப்பது ஆண்டாக நின்ற டீமாப் போத்தலை எடுத்து இலக்டைடோடு சேர்த்தனர். வளையம் திறந்தது. உலோகம் ஒரு துளியும் இன்றிச் சங்கிலி நீண்டது. அதிலும் வியப்பு, அது ஒழுங்காக நீண்டது. ஒரு சங்கிலி நெடியதாகவும் மற்றொன்று குறியதாகவும் ஆகாமல், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளமாக வளர்ந்தன. இவ்வாறு வளர்பவற்றை உயிருள்ள பல்பகுதியம் என்பர். அப்பெயரை 1956இல் வழங்கியவர் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மைக்கேல் சுவார்க். உயிருள்ள சங்கிலி, வளையங்கள் தீர்ந்ததும் இறந்துவிடாது. மேலும் வளையம் இட்டால் மேலும் வளரும். ஆக, எத்தனை நீளம் வேண்டும் என்பதைச் செய்பவனே முன்கூட்டித் தீர்மானிக்கலாம்.

ஆயினும் குறையும் இருந்தது. டீமாப் மெதுவாகவே வேலை செய்தது. ஒரு சங்கிலி முற்றுப்பெற நாள் கணக்கிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலை அத்தனை பொறுமை உடையதன்று. ஆகவே, இருக்கும் பொருளை எடுத்துச் சோதிப்பது போய், வேண்டிய பொருளைத் திட்டமிட்டு ஆக்கும் காலம் தொடங்கிற்று. ஹெட்ரிக்கோடு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் றொபேட் வேமௌத்தும் இப்பணியில் இணைந்தார். இருவருக்கும் 2012இல் ஐக்கிய அமெரிக்காவின் பசுமை இரசாயன விருது இதன் பொருட்டே கிடைத்தது.

முதலில், 2002இல், காபீன் என்னும் பொருள்களை எடுத்துக்கொண்டனர். இவை நெடுங்காலம் கணத்தில் தோன்றி மறைவனவாகவே அறியப்பட்டவை. 1991இல் அந்தனி ஆடுவெங்கோ என்பார் அவற்றுள் ஒருவகையைப் பளிங்காக்கிப் போத்தலில் வைத்துக் காட்டினார். கரதர்ஸ் பணியாற்றிய அதே டியூபொன்ட் கம்பனியிலேயே இதுவும் நிகழ்ந்தது. காபீன் வளையத்தை மிக விரைவாகத் திறந்தது.

இதன்பின் வந்ததே இவ்வரலாற்றின் நடுநாயகமான கருத்து எனலாம். ஒரு பிடியை நெகிழ்த்துவது இருவர் செய்யவேண்டிய வேலை. சுற்றி ஆடும் பிள்ளைகளிடம் திரும்புவோம். ஓர் ஆசிரியர் மெல்ல அவர்கள் தோளில் கைவைத்து ஆட்டத்தை நிறுத்துகிறார். மற்றோர் ஆசிரியர் வரிசையின் கடைசிப் பிள்ளையின் கையைப் பிடித்து முன்னே நீட்டச் செய்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் கைமாற்றம் எளிதாகும். வலிந்து இழுக்க வேண்டுவதில்லை. நொதியங்கள் நம் உடலில் செய்வது இதுவே என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். யப்பானில் கியோற்றோவைச் சேர்ந்த தக்கெமொட்டோவும் துணைவரும் 2003இல் இருவேலையையும் ஒரே மூலக்கூறு செய்யும்படி ஓர் ஊக்கியை ஆக்கியிருந்தனர். அதன் ஒரு பக்கம் தயோயூரியா, மறுபக்கம் அமீன். 2005இல் ஹெட்ரிக், வேமௌத் குழுவினர் அதனை இலக்டைடுக்கு இட்டனர். தயோயூரியா தன் இரு ஐதரசன்களால் வளையத்தின் ஒட்சிசனை மெல்லப் பற்றிக்கொள்கிறது. அமீன் சங்கிலி நுனியின் ஐதரசனைத் தன்பால் இழுத்து, அந்நுனியைக் கூர்மையாக்குகிறது. இரண்டு பற்றுதலும் ஐதரசன் பிணைப்பு எனப்படும் மெல்லிய பிணைப்பே. அம்மெல்லிய பிணைப்பால் வளையம் திறக்கிறது.

இம்மென்மையிற் பெரும் பயன் ஒன்று உண்டு. சங்கிலியிலும் வளையத்தில் உள்ளது போன்ற எசுத்தர்ப் பிணைப்புகளே உள்ளன என்பதை மறவாதீர்கள். வளையத்தை அவிழ்க்கும் ஊக்கி சங்கிலியையும் அவிழ்க்கக் கூடும். அவ்வாறாயின் ஒழுங்காக வளர்ந்த சங்கிலிகள் தமக்குள் துண்டு மாற்றிக்கொண்டு நீளம் கலைந்துபோகும். தயோயூரியா இறுகிய வளையத்தையே தேடிப் பற்றிற்று. சங்கிலியைப் பெரும்பாலும் தொடவில்லை. ஆனால் மென்மையானது மெதுவானதும் ஆயிற்று. 2006இல் குவனிடீன் குடும்பத்தைச் சேர்ந்த, சுருக்கமாக டி.பி.டி. எனப்படும் ஊக்கியை அவர்கள் அறிவித்தபோது நிலை மாறிற்று. அதுவும் இருகைப் பொருளே; ஒரு நைதரசன் கொடுக்கும், மற்றொரு நைதரசன் வாங்கும். நாள் கணக்கில் நடந்தது நிமிடக் கணக்கில் முடிந்தது. ஆனால் வளையங்கள் தீர்ந்தபின்னும் அதனை விட்டுவைத்தால் அது சங்கிலிகளையே கலைக்கத் தொடங்கிற்று. விரைவுடையது வேற்றுமை அறியவில்லை. வேற்றுமை அறிந்தது விரையவில்லை.

இப்பிணக்கு பத்து ஆண்டு நீடித்தது. 2016இல் ஸ்டான்போர்டிலும் சான் ஓசேயிலும் இருந்தோர் சேர்ந்து ஒரு தீர்வை வெளியிட்டனர். தயோயூரியாவிலிருந்து ஓர் ஐதரசனை முன்பே கழற்றி, எதிர்மின்னேற்றம் உடையதாக்கினர். இப்போது அம்மூலக்கூறே வளையத்தையும் பற்றும். சங்கிலி நுனியையும் கூர்மையாக்கும். விரைவும் வேற்றுமையறிவும் ஒருங்கே கூடின. இவ்வாறு, கிடைத்த போத்தலைச் சோதித்த காலத்திலிருந்து, வேண்டிய குணத்தை எண்ணி மூலக்கூற்றை வரைந்து ஆக்கும் காலத்துக்குப் பதினைந்தே ஆண்டில் வந்துசேர்ந்தனர்.

நேயர்களே, இத்துடன் நிறுத்தியிருந்தால் இது ஒரு தொழில்நுட்பத்தின் வெற்றிக் கதையாகவே அமைந்துவிடும். ஆனால் பிள்ளைகளைச் சேர்க்க வல்லவர் பிரிக்கவும் வல்லவர். டி.பி.டி. சங்கிலிகளைக் கலைக்கிறது என்பது குறையென்று சொன்னேன். அக்குறையையே குணமாக்கலாமே என்று 2011இல் அதே சான் ஓசே அறிஞர்கள் காட்டினர். நாம் நீர் அருந்தி எறியும் பிளாஸ்டிக்குப் போத்தலும் எசுத்தர்ப் பிணைப்புச் சங்கிலியே. எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தில் இட்டு இவ்வூக்கியோடு சூடாக்கியபோது அச்சங்கிலி அறுந்து, மீண்டும் புதிய போத்தல் செய்வதற்கு ஏற்ற தொடக்கப் பொருளாயிற்று.

இன்னொன்றும் கேளுங்கள். பையர் இறுக்கமற்றது என்ற ஐந்து அணு வளையத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். காமா-பியூற்றிரோலக்டோன் என்பது அத்தகைய வளையம். இறுக்கம் மிகக் குறைவாதலால் அது சங்கிலியாகாது என்றே பாடநூல்கள் கூறிவந்தன. 2016இல் அமெரிக்காவின் கொலறாடோ அரசுப் பல்கலைக்கழகத்தில் யூஜின் சென்னும் மியாவோ ஹொங்கும், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அதனையும் திறந்து சங்கிலியாக்கினர். உலோகம் இல்லாத சேதன ஊக்கியாலும் அது முடியும் என்று காட்டினர். எளிதில் திறவாத வளையம் எளிதில் மூடிக்கொள்ளும் அன்றோ? ஆகவே அச்சங்கிலியை உரிய அளவு சூடாக்கியதும், அது முற்றாகப் பழைய வளையமாகவே மீண்டது. மீண்ட வளையத்தை மறுபடியும் சங்கிலியாக்கலாம். கரதர்ஸ் 1932இல் தம் கட்டுரைத் தலைப்பில் வைத்த 'மீளும்' என்னும் சொல் எண்பத்துநான்கு ஆண்டு காத்திருந்து பெருமை பெற்றது. அழியாத பொருளைத் தேடிய உலகம், அழியாத குப்பையை நடுவில் வைத்துக்கொண்டு, இப்போது மீளும் பொருளைத் தேடுகிறது.

மிகைப்படக் கூறி உங்களை மயக்க நான் விரும்பவில்லை. இலக்டிக் அமிலப் பிளாஸ்டிக்கைத் தொழிற்சாலைகள் இன்றும் பெரும்பாலும் வெள்ளீயத்தைக் கொண்டே செய்கின்றன. அது மலிவு, சூட்டைத் தாங்கும், பழகியது. சேதன ஊக்கி என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது என்று கொள்வதும் தவறு. இவற்றுள் சில தோலை அரிக்கும் வன்மையுடையவை. அவற்றையும் பொருளிலிருந்து கழுவிப் போக்கவே வேண்டும். உலோகம் பகையுமன்று, சேதனம் தெய்வமுமன்று. எதனை எங்கே இட்டால் என்ன எஞ்சும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளும் வழக்கம் வந்ததே உண்மையான முன்னேற்றம்.

மாணவனை அழைத்து விடை கூறினேன். "தம்பி, நூல் கரையும். அதைச் செய்யச் சேர்த்தது எல்லாம் அப்படியே கரைந்துவிடும் என்று சொல்ல முடியாது. மிகச் சிறு அளவு எஞ்சலாம். அது தீங்கு செய்யாத அளவில் இருக்கும்படி காத்துக்கொள்கிறார்கள். அதுவும் எஞ்சாத வழியை ஒரு கூட்டத்தார் தேடிக்கொண்டிருக்கிறார்கள், பாதித் தூரம் வந்துவிட்டார்கள்" என்றேன். அவன் சற்றுச் சிந்தித்து, "பாதித் தூரந்தானா, ஐயா?" என்றான். மீதித் தூரம் உன்னைப் போன்றவர்களுக்கு என்று நான் சொல்லவில்லை. அது மேடையிற் சொல்லும் வார்த்தை. விஞ்ஞான ஆசிரியரிடம் அவனை அனுப்பி, ஆய்வுகூட அலுமாரியில் உள்ள போத்தல்களின் பெயரையெல்லாம் எழுதிவரச் சொன்னேன்.

முப்பது ஆண்டு அலுமாரியில் நின்ற போத்தல் ஒன்றை எடுத்துப் புதிய வினா ஒன்றைக் கேட்டவரால் அல்லவா இவ்வரலாறு திரும்பிற்று? பேர்சீலியஸ் ஊக்கலுக்கு இட்ட பெயர் அவிழ்த்தல் எனப் பொருள்படும் என்றேன். ஒன்றைச் சேர்க்கும்போதே அதனை அவிழ்க்கும் வழியையும் எண்ணிவைத்தல் அறிவுடைமை. நூலுக்கும் போத்தலுக்கும் அது பொருந்தும். அவ்வறிவு நமக்கு வர இத்தனை காலம் சென்றது. வந்தபின் அதனை மறவாதிருப்போமாக.